பின்னால் குதிரை நின்ற பந்தி

அந்தக் காலத்தில் மாடு ஒரு தடவைதான் மென்றது. வாயில் போட்டது, மென்றது, விழுங்கியது, தன் வேலையைப் பார்க்கப் போனது. ஆடும் அப்படித்தான், எருமையும் அப்படித்தான், மானும் அப்படித்தான். எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது. அதனால் சாப்பிட்டு முடித்தவர்கள் எதிரில் வருபவர்களிடம் "உங்க வீட்டுல இன்னைக்கு என்ன?" என்று கேட்டுக்கொள்ளவும் முடிந்தது.

ஆனால் வயிறு உப்புவது என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. பசிக்கும், சாப்பிட்டால் பசி போய்விடும். நடுவில் வேறு சங்கதி கிடையாது. அந்தச் சங்கதி எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பழியை எல்லோரும் மொச்சையின் தலையில் போடுவார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளக்கரையில் யானையார் தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார். கொம்புள்ளவர், கொம்பில்லாதவர், பறப்பவர், ஊர்பவர் என்று ஒருவர் விடாமல் அழைத்திருந்தார். காட்டோரத்தில் குடிசை போட்டிருந்த சடையன் என்ற மனிதனுக்கும் அழைப்பு போயிருந்தது. சமையல் கரடியார் பொறுப்பு. வரகரிசிச் சோறு, அகத்திக்கீரைப் பொரியல், கெட்டியாக மொச்சைக் குழம்பு, வெல்லப் பாயசம் என்று நாலு நாளாக அடுப்படியை விட்டு அவர் நகரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் விருந்து என்றால் ஒரே இடத்தில் குவித்து வைப்பார்கள். முட்டி மோதித் தின்பார்கள். இரண்டு பேருக்காவது கொம்பு உடையும். தன் வீட்டுக் கல்யாணமாவது மரியாதையாக நடக்கட்டும் என்று யானையார் யோசித்தார். வரிசையாக ஐம்பது வாழையிலை போடுவது, ஐம்பது பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுத்த ஐம்பது பேரை உட்கார வைப்பது என்று ஏற்பாடு செய்தார். உலகத்தின் முதல் பந்தி அதுதான். நல்ல யோசனை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

முதல் பந்தியில் மயிலை என்ற பசுவுக்கு இடம் கிடைத்தது. அவள் கன்று ஈன்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "பிள்ளை பெத்தவ, பசி தாங்கமாட்டா. முதல்ல அவ உக்காரட்டும்" என்று யானையாரே சொல்லிவிட்டார். கன்றைப் புங்கமர நிழலில் படுக்க வைத்துவிட்டு மயிலை வந்து உட்கார்ந்தாள். அவள் முதுகில் வழக்கம்போல ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. வால் பிளந்த சின்னக் கறுப்புக் குருவி. அதற்கு எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் தூக்கம் வராது.

மயிலைக்கு வலப்பக்கத்தில் சடையன். அவனுக்கு அப்பால் எருமை, ஆடு, மான் என்று வரிசை நீண்டது. வரிசையின் கடைசி இலையில், குளத்துத் தண்ணீரை ஒட்டினாற்போல், ஆமையார் உட்கார்ந்தார்.

பரிமாற ஆரம்பித்த பிறகுதான் குதிரை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு நெருங்கிய சிநேகிதம், தூரத்திலிருந்து ஓடி வந்த களைப்பு, வயிற்றில் நல்ல பசி. ஐம்பது இலையும் நிறைந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் நிழலில் சாய்ந்துகொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். குதிரைக்கு அது சரிப்படவில்லை. தானும் போய் நிழலில் சாய்ந்துவிட்டால், இலை காலியாகிறபோது வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களே! வரிசையை ஒரு முறை நோட்டம் விட்டது. யார் வேகமாக முடிப்பார்கள் என்று கணக்குப் போட்டது. மயிலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

நிழலில் இருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். நமக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ? பன்றி எழுந்து வந்து சடையனுக்குப் பின்னால் நின்றது. குரங்கு எருமைக்குப் பின்னால் நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் கிட்டத்தட்ட ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் ஓர் ஆள்.

குதிரை மரியாதை தெரிந்தது. அதனால், "நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்றது.

மயிலை நாலு வாய் சாப்பிட்டாள்.

"பாயசம் வந்துடுச்சுங்களா?" என்றது குதிரை.

"இன்னும் குழம்புதான் ஆகுதுங்க."

"ஓ... சரி, சரி. மெதுவா சாப்பிடுங்க."

பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு மயிலையின் பிடரியில் பட்டது. குதிரையின் வயிறு உறுமுவதும் அவளுக்கு நன்றாகக் கேட்டது. மயிலைக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பின்னால் ஒருவர் பசியோடு நிற்கிறபோது, முன்னால் உட்கார்ந்து ஆற அமர மெல்வதா? அவளால் முடியவில்லை. மொச்சையைக் கடிக்காமல் முழுசு முழுசாக விழுங்க ஆரம்பித்தாள். குதிரை ஒவ்வொரு முறை கனைக்கிறபோதும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சு" என்றாள்.

"அக்கா, நீங்க மெல்லவே இல்லையே" என்றது முதுகிலிருந்த கரிச்சான்.

"சும்மா இரு. பின்னால ஆள் நிக்குது."

அப்படியே பொரியல் போனது, குழம்பு போனது, பாயசமும் ஒரே மடக்கில் போனது. மயிலை இலையை மூடிவிட்டு எழுந்தாள். குதிரை, "அடடா, அதுக்குள்ளேயா?" என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மயிலை கன்றிடம் போய்ப் படுத்தாள்.

படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அவளுடைய இடப்பக்க விலா மேலே எழும்ப ஆரம்பித்தது. முதலில் ஒரு பூசணிக்காய் அளவு. பிறகு முதுகெலும்பையும் தாண்டி மேடாக நின்றது. தட்டினால் தவில் சத்தம் கேட்டது. மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது. கன்று பால் குடிக்க வந்து மடியை முட்டியது. மயிலையால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒன்பது நாள் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு என்ன தெரியும்? அது முட்டி முட்டிப் பார்த்துவிட்டு "அம்மா" என்று கத்தியது.

அதே நேரத்தில் எருமை முனகியது. ஆடு காலை உதைத்துக்கொண்டது. மான் நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தது. சடையன் வேட்டி முடிச்சைத் தளர்த்திக்கொண்டு ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றான். ஆனால் மயிலையின் நிலைமைதான் மோசம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிடும் என்று பார்த்தவர்களுக்கே தெரிந்தது.

"சமையல்ல ஏதோ கலந்திருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். "மொச்சைதான்" என்றார் ஒருவர். "கரடிதான்" என்றார் இன்னொருவர். இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் காதில் ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். கரடியார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு நாளா நான் கண்ணு மூடலையே! என் கைச் சோத்தைத் தின்னு ஒருத்தி சாகணுமா?" என்று அவர் அழுதது குளத்தின் அக்கரை வரை கேட்டது.

வைத்தியம் சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. "மேல ரெண்டு வாய் பாயசத்தை ஊத்துங்க, எல்லாம் தன்னால இறங்கிடும்" என்றது குரங்கு. "சேத்துல புரண்டா சரியாப் போகும்" என்றது பன்றி. "அசையாமப் படுத்துத் தூங்கட்டும்" என்றது ஆந்தை. ஆந்தைக்குப் பகலில் தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

கரிச்சான் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. அது பந்தலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கேட்டது.

"மொச்சைதான் காரணம்னா, ஆமையாருக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமையார் இன்னும் முதல் பந்தியில்தான் இருந்தார். கடைசி இலையில் குனிந்து, குழம்பிலிருந்த மொச்சையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கரிச்சான் பறந்து போய் அவர் ஓட்டின் மேல் உட்கார்ந்தது. "மாமா, உங்க வயிறு எப்படி இருக்கு?"

"வயிறா? அது பாட்டுக்கு இருக்கு. பாதிப் பசி போயிருக்கு."

"மொச்சை நிறைய சாப்பிட்டீங்களா?"

"ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். கரடி கைப்பக்குவம்னா சும்மாவா?"

"எப்படிச் சாப்பிட்டீங்க?"

"எனக்கென்ன பல்லா இருக்கு? ஒவ்வொண்ணையும் நாலாக் கிள்ளி, நசுக்கி, கூழாக்கித்தான் உள்ளே விடணும். பொழுது போயிடும்."

"இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்களே, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

ஆமையார் கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தார். "யாரு சொல்றது? பின்னால குளம்தானே இருக்கு."

கரிச்சான் குளத்தைப் பார்த்தது. பிறகு வரிசையின் மறுகோடிக்குப் பறந்தது. அங்கே ஆலமரத்தின் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கீரி சாப்பிட்டிருந்தது. அதற்குப் பின்னாலும் ஆள் நிற்க இடமில்லை. கீரி வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கா? நல்லாத்தானே இருக்கேன்" என்றது. கரிச்சானுக்கு இப்போது சந்தேகம் தீர்ந்துவிட்டது. உற்சாகம் தாங்காமல் கூட்டத்துக்கு நடுவே வந்து கத்தியது.

"மொச்சை இல்லை! கரடி அண்ணனும் இல்லை! யாருக்கெல்லாம் பின்னால ஆள் நின்னுச்சோ அவங்களுக்குத்தான் வயிறு உப்பியிருக்கு!"

குதிரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பேச்சு இது? நான் அந்தம்மாவைத் தொட்டேனா? மெதுவா சாப்பிடுங்கன்னுதானே சொன்னேன்!"

"எத்தனை தடவை சொன்னீங்க?"

குதிரை யோசித்தது. "ஒரு... ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"ஒவ்வொரு தடவையும் அக்கா வாயில சோத்தை வச்சுக்கிட்டே 'இதோ ஆச்சு'ன்னாங்க. சோத்தோட காத்தும் உள்ளே போச்சு. மொச்சை ஒண்ணுகூட உடையலை, முழுசாப் போச்சு. நான் முதுகுல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"காத்தா?" என்று கரடியார் எழுந்தார். அவருக்கு உயிர் திரும்பியிருந்தது. "காத்துன்னா அதுக்கு வழி விடணும். யானை ஐயா, முதல்ல அவளைப் படுக்க விடாதீங்க. தூக்கி நடக்க வைங்க."

யானையார் தும்பிக்கையை மயிலையின் அடிவயிற்றில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மெல்ல மெல்லக் குளக்கரையோரம் நடத்திக் கூட்டிப்போனார். கரடியார் ஒரு கைப்பிடி ஓமத்தையும் தட்டிய சுக்கையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார். வயிறு உப்பிய மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தது.

குளத்தை ஒரு சுற்று வந்திருப்பார்கள். திடீரென்று மயிலையின் தொண்டையிலிருந்து ஒரு பெரிய சத்தம் கிளம்பியது. முயல்கள் புதருக்குள் பாய்ந்தன. மாப்பிள்ளையே இரண்டடி பின்வாங்கினார். உலகத்தின் முதல் ஏப்பம் அது. அடுத்து எருமை, அடுத்து ஆடு. சடையன் விட்ட ஏப்பமும் ஒன்றும் குறைவில்லை. "அப்பாடா!" என்று அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

மயிலையின் விலா கொஞ்சம் இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இறங்கிய வயிறு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் எழும்பியது.

கரடியார் தலையைச் சொறிந்துகொண்டார். "சோத்தோட போன காத்துக்கு என் ஓமத்தண்ணி பதில் சொல்லும். உள்ளே முழுசாக் கிடக்கிற மொச்சையை அது மெல்லுமா? அது கிடக்கக் கிடக்கப் புதுக் காத்து ஊறிக்கிட்டேதான் இருக்கும்."

"அப்போ மெல்லாததை இப்போ மென்னுட்டா?" என்றது கரிச்சான்.

"உள்ளே போனதை எப்படிடா மெல்றது?"

"போன வழி இருக்குல்ல? அந்த வழியிலேயே வாய்க்கு வரட்டும்."

கூட்டம் அதிர்ந்துவிட்டது. மயிலை மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டினாள். "கல்யாண வீட்டுச் சாப்பாட்டையா? விழுங்கினதைத் திருப்பி வாய்க்குக் கொண்டு வர்றதா? அப்புறம் இந்த வீட்டுக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதுவும் முந்நூறு பேர் முன்னால? நான் செத்தாலும் பரவாயில்லை."

அவள் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். விருந்து வைத்தவரை அவமானப்படுத்துவதைவிட உயிரை விடுவது மேல் என்று நினைக்கும் இனம் அது. அவள் கால்கள் மடங்கின. கன்று ஓடி வந்து மறுபடியும் மடியை முட்டியது. ஒரு சொட்டுப் பால்கூட இறங்கவில்லை. அதற்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. மடியை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற குதிரையின் காலை நக்கிப் பார்த்தது.

குதிரைக்கு அப்போதுதான் நெஞ்சு உடைந்தது. ஓர் இலைக்காக நாம் நின்ற நிலை இந்தப் பிள்ளையைத் தாயில்லாமல் ஆக்கப் போகிறதே என்று அதற்குத் தோன்றியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயிலைக்கு முன்னால் வந்தது.

"தப்பு என்னுதுதாம்மா. பசியில புத்தி கெட்டுப்போச்சு. என் உடம்பு பெரிசு. நான் உனக்கு முன்னால மறைச்சு நிக்கிறேன், ஒருத்தரும் பார்க்க முடியாது. நானும் பார்க்கமாட்டேன். நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க. நீ மென்னு முடிக்கிற வரைக்கும் நான் உக்காரமாட்டேன், படுக்கமாட்டேன். இது சத்தியம்."

சொல்லிவிட்டுக் குறுக்கே நின்று, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டது.

மயிலை கன்றைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறி வாய்க்கு வந்தது. தாடையை இடமும் வலமுமாக அசைத்து மெல்ல ஆரம்பித்தாள். ஒரு மொச்சை உடைந்தது. இன்னொன்று உடைந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"கரடி அண்ணே, இதுல இஞ்சி போட்டிருக்கீங்களா?"

கரடியாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "போட்டிருக்கேன் தாயி! இஞ்சி தட்டிப் போட்டு, தேங்காய் வறுத்து அரைச்சிருக்கேன். காலையிலேருந்து ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"முதல்ல சாப்பிட்டப்போ எனக்கு எதுவுமே தெரியலைண்ணே. இப்பத்தான் ருசியே தெரியுது."

யானையார் காதை விசிறிக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுச் சாப்பாட்டை ரெண்டாம் தடவை ருசிச்சுச் சாப்பிடுறா. இதைவிட எனக்கு என்ன பெருமை வேணும்? நல்லாச் சாப்பிடு தாயி" என்றார்.

அதற்கப்புறம் கூச்சம் எங்கே இருக்கும்? எருமை காலை மடக்கி உட்கார்ந்து ஓர் உருண்டையை மேலே கொண்டு வந்தது. ஆடும் மானும் அதையே செய்தன. மயிலையின் விலா மெல்ல மெல்லத் தாழ்ந்து பழைய இடத்துக்கு வந்தது. வெயில் இறங்குவதற்குள் மடியில் பால் சுரந்தது. கன்று வால் துடிக்கத் துடிக்கக் குடித்தது.

கரிச்சான் சடையனிடமும் போய்ச் சொன்னது. "நீங்களும் ஒரு தடவை செஞ்சு பாருங்கண்ணே, சுகமா இருக்குமாம்."

சடையன் முகத்தைச் சுளித்தான். "மனுஷன் செய்யற காரியமா அது? எனக்குத்தான் ஏப்பம் வந்துடுச்சே. இன்னும் ஒரு சொம்பு ஓமத்தண்ணி குடுங்க, போதும்." அதையும் நின்ற வாக்கில் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். அதனால்தான் அவன் வழியில் வந்த நமக்கு ஏப்பமும் ஓமத்தண்ணியும் மட்டும் மிஞ்சின. நமக்கு மெல்வதற்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு, அதையும் விட்டுவிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கும் பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாதியில் நின்ற இரண்டாம் பந்தி மறுபடியும் ஆரம்பமானது. குதிரைக்கு அது நின்ற இடத்திலேயே இலை வந்தது. நின்றபடியே சாப்பிட்டது. பொழுது சாய்ந்தது, விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், மயிலை இன்னும் மென்றுகொண்டிருந்தாள். குதிரைக்குக் கால் கடுத்தது. "ஆச்சுதாம்மா?" என்று கேட்க வாயெடுத்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது. இனி அந்த வார்த்தையை அது எந்த முகத்தோடு கேட்கும்?

மறுநாள் மயிலை புல் மேய்ந்துவிட்டு வந்து படுத்தாள், மறுபடியும் ஓர் உருண்டையை மேலே கொண்டு வந்தாள். இந்தச் சுகம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. முடிந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. முடிந்ததா என்று குதிரையும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் மாடு சாப்பிட்டதும் காலை மடக்கிப் படுத்து, கண்ணைப் பாதி மூடி, ஒருவருக்காகவும் அவசரப்படாமல் அசை போடுகிறது. எங்கோ ஒரு மாடு இன்னும் மென்று முடிக்கவில்லை என்பதால், அன்று முதல்தான் குதிரை நின்றுகொண்டே தூங்குகிறது.